செவ்வாய் வெள்ளிப் பின்னேரங்கள்

கன வருஷம் பஸ் ஓடினதில எனக்கு ஒரு குணம் ஒட்டிப்போச்சுது. நேரம் எண்டால் நேரம்தான். ஆர் கத்தினாலும் வெளிக்கிடுற நேரத்துக்கு வெளிக்கிடுவன். பென்சன் எடுத்த பிறகு அந்தக் குணத்தை வைச்சு என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை. கடைசியில அதையும் சீட்டு விளையாட்டுக்குத்தான் குடுத்தன்.

மாங்குளம் சந்தியில இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு இரும்புச் சாமான் கடை. கடைக்காரர் முஸ்லிம் ஆள். இடம்பெயர்ந்து கனகாலம் புத்தளத்தில இருந்திட்டுத் திரும்பி வந்தவர். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணன் முறையில நானா எண்டுதான் கூப்பிடுறது. கடைக்குப் பின்பக்கம் சீமெந்துப் பை அடுக்கியிருக்கிற கொட்டிலில, மத்தியானம் திரும்பினால் முன்னூற்றி நாலு தொடங்கும். நாலு பேர் இருந்து ஆடுற சீட்டு அது. எதிரெதிரா இருக்கிற ரெண்டு பேர் ஒரு சோடி. நானாவுக்குச் சோடி, வயல் செய்யிற, அதிகம் கதையாத ஒரு கமக்காரன். எனக்குச் சோடி, தென்னங்காணி வைச்சிருக்கிற என்ர பள்ளிக்கூடச் சிநேகிதன். அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் துரும்பைப் பிழையா இறக்கினால் என்ர பரம்பரையையே இழுத்து ஏசுவான். நானும் விடமாட்டன்.

அதில பாவம் ஒண்டும் இல்லை. காசு வைச்சு ஆடேல்லை, குடிக்கேல்லை. நல்ல பம்பலும் சிரிப்புமாத்தான் இருந்தது. ஆனால் பொழுதுபட வீட்டை வந்து கை கால் கழுவேக்க, இண்டைக்கு என்ன செய்தனான் எண்டு யோசிச்சால் ஒண்டும் ஞாபகத்தில நிக்காது. அது எனக்கு உள்ளுக்க குத்தத் தொடங்கியிருந்தது.

தவக்காலம் வந்தது. எங்கட பக்கத்தில தவக்காலம் எண்டால் ஆளுக்கொரு சாமானை விடுறது வழக்கம். இறைச்சி விடுறவை, சாராயம் விடுறவை, நாடகம் பாக்கிறதை விடுறவை. உயிர்த்த ஞாயிறு விடிஞ்சால் விட்டதை எல்லாம் வட்டியோட பிடிக்கிறதும் வழக்கம்தான். நான் இறைச்சியை விடப்போறன் எண்டன். என்ர மனிசி சிரிச்சா.

"இறைச்சியை உங்களுக்கு டொக்டர் எப்பவோ விடச் சொல்லியாச்சு. உதில ஆண்டவருக்கு என்ன குடுக்கிறியள்? சீட்டை விடுங்கோ பாப்பம்."

ரோசத்தில விட்டன். என்ர சோடி பகிடி பண்ணினான். "போ மச்சான், போய்ப் பரிசுத்தமா இருந்திட்டு வா. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் உன்ர இடத்தில நானாவின்ர மருமகனை வைச்சு ஒப்பேத்திறம்."

சீட்டை விட்டன், நித்திரை வந்து பிடிச்சுது. மத்தியானச் சாப்பாடு முடிய சாய்மனைக் கதிரையில விழுந்தால் தேத்தண்ணிக்கு மனிசி தட்டி எழுப்ப வேணும். "ஆண்டவருக்கு நீங்கள் ஒப்புக்குடுத்தது குறட்டையோ?" எண்டு கேட்டா.

அந்த ஞாயிறு பூசையில பாதர் ஒலிவத் தோட்டத்துக் கதையை எடுத்தார். ஆண்டவர் மனம் நொந்து செபிக்கிற நேரம், கூடப்போன சீடர்மார் நித்திரை. ஒரு மணித்தியாலம் முழிச்சிருக்க ஏலாமல் போச்சே எண்டு அவர் கேட்டதைப் பாதர் சொல்லேக்க என்னைப் பாத்த மாதிரிக் கிடந்தது. மனிசி பாதரிட்டப் போய் என்ர நித்திரையைப் பற்றி அள்ளி வைச்சிட்டாவோ எண்டு எனக்குச் சந்தேகம். கோவத்தோடதான் கோயிலை விட்டு வெளியில வந்தன். வீட்டை நடந்து வரேக்க கோவம் ஆறி, வேறொரு யோசினை வந்தது. அவர் அந்த ஆக்களிட்ட என்ன பெரிசாக் கேட்டவர்? சண்டை பிடிக்கச் சொல்லேல்லை, பிரசங்கம் வைக்கச் சொல்லேல்லை. பக்கத்தில முழிச்சு இருக்கச் சொன்னவர், அவ்வளவுதான். அண்டைக்கு முடிவெடுத்தன், இந்தப் பின்னேரங்களை இனி ஆருக்காவது குடுக்கிறது எண்டு. ஆருக்கு எண்டு தெரியாது. முடிவு மட்டும் எடுத்தாச்சு.

எங்கட வீட்டுக்குப் பின் ஒழுங்கையில ஒரு அம்மா இருக்கிறா. அவான்ர தாய் தேப்பன் தேயிலைத் தோட்டத்தில இருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்த ஆக்கள். இவா இஞ்ச வளந்தாலும் கதையில மலைநாட்டுச் சாயல் இன்னும் இருக்குது. சைவ சமயம். புருஷன் இல்லை. ஒரே மகள், ஏ.எல் சோதினைக்குப் படிக்கிறாள், பள்ளிக்கூடத்தில பின்னேரமும் வகுப்பு. அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் பழுது. கிழமையில ரெண்டு தரம், செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம், வவுனியா ஆசுப்பத்திரிக்குப் போய் மெஷினில ரத்தம் சுத்திகரிக்க வேணும். இதெல்லாம் எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன, பாவம் எண்டு சொல்லிப்போட்டு எல்லாரும் அவரவர் பாட்டில இருந்தம்.

அந்தச் செவ்வாய் நான் தேங்காயெண்ணெய் வாங்க என்ர ஓட்டோவில வெளிக்கிட்டுப் போறன், பஸ் தரிப்பில அந்த அம்மா இருக்கிறா. பக்கத்தில மகள் வெள்ளைச் சட்டையோட நிண்டு அழுகிறாள். ஓட்டோவை நிப்பாட்டினன்.

"என்ன பிள்ளை, பஸ் விட்டிட்டுதோ?"

"ரெண்டு பஸ் போயிட்டுது மாமா. அம்மா ஏறமாட்டன் எண்டு இருக்கிறா."

"நான் போகல அண்ணே," எண்டா அந்த அம்மா. குரலில அழுகை இல்லை, முடிவுதான் இருந்தது. "இனிமே போறதா இல்ல. மெஷின்ல இருந்து எறங்கினா தலை சுத்துது. கூட ஆளு இல்லாம வரக்கூடாதுங்கிறாங்க. அதுக்கு இவ கிழமையில ரெண்டு நாளு பள்ளிக்கூடத்த விட்டுட்டு வாறா. நான் இருந்து இவ படிப்பச் சாகடிக்கிறதவிட, நான் போய்ச் சேர்றது நல்லது."

எனக்குக் கோவம் வந்திட்டுது. ஆரில கோவம் எண்டு இண்டைக்கும் தெரியாது.

"ஏறுங்கோ தங்கச்சி," எண்டன். "பிள்ளை, நீ பள்ளிக்கூடத்துக்கு நட. அம்மாவோட நான் இருப்பன்."

"உங்களுக்கு வேலை இருக்குமே அண்ணே."

"ஒரு வேலையும் இல்லை. நித்திரை ஒண்டுதான் கிடக்குது, அதை ராவைக்குப் பாப்பம். ஏறுங்கோ."

அவா அசையேல்லை. நானும் அசையேல்லை. பின்னால ஒரு லொறிக்காரன் ஹோர்ன் அடிச்சு ஏசினான். நான் அவனைத் திருப்பி ஏசினன். அந்த ஏச்சைக் கேட்டுப் பயந்தாவோ என்னவோ, எழும்பி வந்து ஏறினா. மனிசியிட்ட போன் பண்ணி, எண்ணெய் இண்டைக்கு இல்லை எண்டு சொன்னன்.

ஆசுப்பத்திரியில அவாவை உள்ளுக்க விட்டிட்டு வெளியில கிடந்த நீள வாங்குப் பலகையில இருந்தன். நாலு மணித்தியாலம் எண்டாங்கள். என்ர கடவுளே, அது லேசான இருப்பு இல்லை. வெக்கை, மருந்து மணம், பக்கத்தில ஒரு குழந்தை நிப்பாட்டாமல் வீறிடுது. செபமாலையை ஒருக்காச் சொல்லி முடிச்சன். ரெண்டாந்தரம் சொல்லேக்க கண் சொருகிப்போச்சுது. திடுக்கிட்டு முழிச்சு என்னையே ஏசினன். சும்மா இருக்கிறதுக்கு இவ்வளவு தூரம் ஏன் வந்தனீ, கொட்டிலில இருந்தாலும் சும்மாதானே இருந்திருப்பாய் எண்டு மனம் கேட்டது. அந்த நேரம் நேர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வெளியில வந்தா. திறந்த கதவால கட்டில் தெரிஞ்சுது. அந்த அம்மா தலையை நிமித்தி வாங்கைப் பாத்தா. நான் இருக்கிறதைக் கண்டிட்டுத் தலையைச் சாய்ச்சுக் கண்ணை மூடினா. அதுக்குப் பிறகு எனக்கு அந்த வாங்கில கண் சொருகேல்லை.

அப்பிடியே தவக்காலம் போச்சுது. செவ்வாயும் வெள்ளியும் நான் அம்மாவோட வவுனியாவில, மகள் பள்ளிக்கூடத்தில. பெரிய வெள்ளிக்கும் போனனான். மனிசி சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போனா, நான் வாங்குக்குப் போனன்.

உயிர்த்த ஞாயிறு முடிஞ்சு திங்கக்கிழமை விடியவே சோடியின்ர போன். "மச்சான், நாளைக்கு வாறாய் தானே. நானாவின்ர மருமகனுக்குத் துரும்பும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. உன்னைக் காணாமல் விசர் பிடிக்குது."

பொய் சொல்லக் கூடாது, எனக்கும் கை துறுதுறுத்தது. நேர்ந்தது தவக்காலத்துக்குத்தான், அது முடிஞ்சுது. நான் போய்ச் சீட்டுக்கு இருந்தால் ஒரு நாயும் என்னைக் குறை சொல்லாது. என்ன செய்வம் எண்டு முத்தத்தில நடந்துகொண்டு நிக்க, பின் ஒழுங்கைப் பிள்ளை படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

"மாமா, உங்கட விரதம் முடிஞ்சுது எண்டு அம்மா சொன்னவா. நாளைக்கு நான் அம்மாவோட போறன். பள்ளிக்கூடத்தில சொல்லிப்போட்டன். இவ்வளவு நாளும் செய்ததே பெரிசு மாமா."

அவள் குறை சொல்ல வரேல்லை, நன்றி சொல்லத்தான் வந்தவள். அதுதான் எனக்குச் சுட்டது.

"ஆர் சொன்னது முடிஞ்சுதெண்டு?" எண்டு கேட்டன். "ஆண்டவர் உயிர்த்தவர், உன்ர கொம்மாவின்ர கிட்னி உயிர்க்கேல்லை. போய்ப் படி."

போனில சொன்னால் நழுவிப்போடுவன் எண்ட பயத்தில அண்டைக்குப் பின்னேரமே கொட்டிலுக்கு நேரில போனன். செவ்வாயும் வெள்ளியும் வரமாட்டன், மற்ற நாளில வாறன் எண்டு சொன்னன். நானா தலையாட்டினார். என்ர சோடிதான் சீட்டுக்கட்டைத் தூக்கிப் பலகையில எறிஞ்சான்.

"மோட்சத்தில இடம் பிடிக்கப் போறியோ? அந்த மனிசி உங்கட வேதமும் இல்லை."

"வேதம் பாத்தோ மச்சான் கிட்னி பழுதாப் போகுது?"

"வந்தால் எல்லா நாளும் வா. இல்லாட்டி இந்தப் பக்கம் வராதை. உன்ர வசதிக்கு நாங்கள் கட்டோட காத்துக்கொண்டிருக்க ஏலாது."

"அப்ப வரேல்லை," எண்டிட்டு எழும்பிட்டன். வீடு வருமட்டும் அவனை வாய்க்குள்ள ஏசிக்கொண்டு வந்தன். சின்ன வயசிலயிருந்து பழகினவன். கண் கலங்கிப்போச்சுது. ஆனால் திரும்பிப் போக மனம் வரேல்லை. ஒருத்தன்ர கோவத்துக்காக ஒரு பிள்ளையின்ர படிப்பையும் ஒரு தாயின்ர உசிரையும் பலகையில வைச்சு ஆட ஏலாது.

கொஞ்ச மாசம் நாங்கள் கண்டும் காணாத மாதிரித் திரிஞ்சம். சோடிக்கு மெல்ல மனம் இளகியிருக்க வேணும். அந்த அம்மாவின்ர முகம் தெளிஞ்சிட்டுது, மகள் வகுப்பில நல்லாச் செய்யிறாள் எண்டு நானா சொன்னதைக் கேட்டவனாம். என்னோட கதைக்க ரோசம் விடேல்லை. தானும் ஏதாவது நல்லது செய்வம் எண்டு ஒரு சனிக்கிழமை தன்ர காணியில ஒரு குலை இளநீர் வெட்டி, சைக்கிளில கட்டிக்கொண்டு அந்த அம்மாவின்ர வீட்டை போயிருக்கிறான்.

இஞ்ச வருத்தக்காரரைப் பாக்கப் போறதெண்டால் இளநீரோடதான் போறது. காய்ச்சலுக்கும் அதுதான், சூட்டுக்கும் அதுதான், வயித்தோட்டத்துக்கும் அதுதான். ஆனால் கிட்னி பழுதான ஆக்களுக்கு அது நஞ்சு. அதில இருக்கிற பொட்டாசியம் எண்ட உப்பைக் கிட்னிதான் கழிக்க வேணும், கழிக்காட்டி ரத்தத்தில நிண்டு இருதயத்தைப் பிடிக்கும். அந்த அம்மாவுக்கு ஆசுப்பத்திரியில படிச்சுப் படிச்சுச் சொன்னவை. அவாவுக்குத் தெரியும். ஆனால் அந்த ஒழுங்கைக்குள்ள ஒருநாளும் கால் வைக்காத காணிக்காரன் படலையில நிண்டு தன்ர கையால சீவி நீட்டுறான். சீவின இளநீரை வேண்டாம் எண்டு சொல்ல எங்கட சனத்துக்கு வாய் வராது. அவா குடிச்சு முடிய, இவன் சந்தோஷத்தில ரெண்டாவதையும் சீவிப்போட்டான்.

திங்கக்கிழமை காலமை மகள் ஓடிவந்தாள். அம்மாவுக்குக் கால் எழும்பேல்லை, நெஞ்சு படபடக்குதாம். தூக்கி ஓட்டோவில போட்டுக்கொண்டு நான் ஓடின ஓட்டத்தைப் பஸ் ஓடின காலத்திலகூட ஓடியிருக்கமாட்டன். மகள் பின்னால தாயை மடியில கிடத்திக்கொண்டு, "அம்மா, கதையுங்கோ அம்மா" எண்டுகொண்டே வந்தாள். நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினன். உடன மெஷினில போட்டாங்கள். இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் சரி வந்திராது எண்டு டொக்டர் சொன்னார். இளநீர் ஆர் குடுத்தது எண்டு அவர் என்னைத்தான் ஏசினார். நான் வாங்கிக் கட்டிக்கொண்டு நிண்டன்.

பின்னேரம் கட்டிலடிக்குப் போனன். மகள் மருந்து எடுக்கப் போயிருந்தாள். அம்மா என்ர முகத்தைப் பாக்காமல் கதைச்சா.

"அண்ணே, எனக்குப் போதும். எத்தனை பேரத்தான் அலைக்கழிக்கிறது. இவளுக்கு வருஷக் கடைசியில சோதனை வருது. அது முடியுற வரைக்கும் வாறேன். அதுக்கப்புறம் என்னய விட்டுருங்க. சரின்னு சொல்லுங்க."

மாட்டன் எண்டால் அடுத்த வெள்ளியே வராமல் விட்டிடுவாவோ எண்டு பயம். "சரி," எண்டன். "அதுவரைக்கும் இந்தக் கதை எடுக்கக் கூடாது." சொல்லி வெளியில வந்த பிறகுதான் உறைச்சது. ஒரு மனிசியின்ர உசிருக்கு நான் தவணை குடுத்திட்டு வந்திருக்கிறன்.

வீட்டை போகாமல் நேர சோடியின்ர வீட்டை போனன், நாக்கைப் பிடுங்கிற மாதிரிக் கேக்க வேணும் எண்டு. அவன் கேள்விப்பட்டிட்டான். குசினி வாசலில குந்தியிருந்தான், காலமையில இருந்து பச்சைத் தண்ணியும் வாயில படேல்லை எண்டு அவன்ர மனிசி சொன்னா.

"நல்லதெண்டு நினைச்சுத்தான் மச்சான் குடுத்தனான்."

"நல்லது செய்யிறதெண்டால் கேட்டுச் செய்யடா," எண்டன். பக்கத்தில இருந்தன். அவன்ர மனிசி தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சா, ரெண்டு பேரும் குடிச்சம்.

பிறகு நான் காய்ச்சலில கிடந்த ஒரு வெள்ளிக்கிழமை அவன்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனவன். போகமுன்னம் எனக்குப் போன் எடுத்து, அவா என்ன குடிக்கலாம், எவ்வளவு குடிக்கலாம், பிஸ்கட் குடுக்கலாமோ எண்டு கேட்டுக் கேட்டு என்ர தலையைத் திண்டான். சீட்டு ஞாயிறு பின்னேரத்துக்கு மாறிச்சுது. ஞாயிறில ஆடினால் அலுப்பும் வரேல்லை.

மகளின்ர சோதினை வந்தது, ஒவ்வொரு பாடமா முடிஞ்சுது. கடைசிப் பாடம் ஒரு வெள்ளிக்கிழமை. அண்டைக்கு வவுனியாவில இருந்து திரும்பி வரேக்க அம்மா ஆசுப்பத்திரிப் பையை மடியில வைச்சு அதின்ர வாரைச் சுத்திக்கொண்டு வந்தா. இனியும் வாறியளோ எண்டு நான் கேக்கேல்லை. சொன்ன சொல்லு ரெண்டு பேருக்கும் நடுவில குந்திக்கொண்டு வந்தது.

சனி, ஞாயிறு, திங்கள் எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. பூசையில ஒரு செபமும் ஓடேல்லை. இவ்வளவு காலமும் கொண்டுபோய்க் கொண்டுபோய் விட்டது ஒரு சோதினைக்காகத்தானோ எண்டு ஆண்டவரிட்டச் சண்டை பிடிச்சன். செவ்வாய் மத்தியானம் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு நிக்க மனிசி கேட்டா.

"அவா வரமாட்டன் எண்டு நிண்டால் என்ன செய்யப் போறியள்?"

"வற்புறுத்தமாட்டன் எண்டுதான் நான் சொல்லுக் குடுத்தனான், போய் நிக்கமாட்டன் எண்டு குடுக்கேல்லை," எண்டன். "படலையில நிப்பன். இண்டைக்கு வராட்டி வெள்ளிக்கும் நிப்பன். என்ர பின்னேரம் வேற எங்க போகப்போகுது."

வாயில வீரம் இருந்தது, காலில இல்லை. ஓட்டோவை வெளியில எடுத்தன். கண்ணாடியைத் துடைச்சன். துடைச்ச கண்ணாடியைத் திரும்பவும் துடைச்சன். டயருக்குக் காத்துக் காணுமோ எண்டு குந்தியிருந்து பாத்தன். பூட்டின படலையைப் பாக்கப் பயம், வேற ஒண்டும் இல்லை. வாழ்க்கையில முதல்தரம் நான் வேணுமெண்டு பிந்தினன்.

கடைசியா ஸ்டார்ட் பண்ணி ஒழுங்கை முடக்கில திரும்பினால், அந்த அம்மா எங்கட வீட்டை நோக்கி வாறா. கையில ஆசுப்பத்திரிப் பை. வெயிலுக்குத் தலையில சீலைத் தலைப்பு. ஒரு கையால வேலியைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்து வாறா, முகம் எல்லாம் கோவம். என்னைக் கண்டதும் நிண்டு மூச்சு வாங்கினா.

"எங்கண்ணே போயிட்டீங்க இவ்வளவு நேரம்?" எண்டு கேட்டா. "இனிமே வரமாட்டீங்களோன்னு பயந்தே போயிட்டேன். எடுங்க, பிந்தினா மெஷின வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."